தோன்றா எழுவாய்

என் வீட்டுக்காரர் யோசுவாவுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்காத உறவினர் எங்கள் இரண்டு குடும்பத்திலும் கிடையாது. கல்யாணம் பேசி முடிக்க வந்த அன்று, பெண் பிடித்திருக்கிறதா என்று என் அப்பா கேட்டதற்கு, எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கியைப் பார்த்துக்கொண்டே "கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அது என்னைச் சொன்னதா, கொக்கியைச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். கேட்டால் சிரிப்பார்.

பாறசாலைக்காரர். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைப்பது, வளைந்த காதுக்கம்பியை நிமிர்த்துவது, உடைந்ததை ஒட்டி மெருகு போடுவது எல்லாம் அவர் கை. நான் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டி நான் வீட்டுக்கு வருவேன். அவர் யாரிடமும் பேசாமலே களைத்து வருவார். கரமனையில், அக்கிரகாரத்துக்கு அடுத்த தெருவில் வாடகை வீடு.

அவருடைய தம்பி சுபின் எங்களோடுதான் இருந்தான். மாமனார் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது, படிக்க வைத்தது எல்லாம் அண்ணன். சுபினுக்குக் கிட்டார் என்றால் உயிர். பகலில் விழிஞ்ஞத்தில் ஒரு ஐஸ் ஆலையில் வேலை பார்த்தான். ஞாயிறு காலையில் சபையில் பாடகர் குழுவுக்கு வாசித்தான். உற்சவ காலம் வந்துவிட்டால், மேடைப் பாட்டுக் கச்சேரி நடத்தும் சீனிவாசன் சாருடைய கானமேளைக் குழுவோடு கிளம்பிவிடுவான். சீனிவாசன் சார் அக்கிரகாரத்துக்காரர். கீபோர்டு வாசிப்பார், குழுவை நடத்துவார். சுபினைப் போல் தாளம் பிசகாமல் தட்டுகிறவன் இந்த ஊரில் இல்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அவன் ஐஸ் ஆலையை விட்டுவிட்டு முழுநேரமும் வாசிக்கப் போகிறான் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் ஐஸ் உடைக்கும் மிஷினில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது. மற்ற விரல்களை டாக்டர் காப்பாற்றிவிட்டார். பெருவிரலில் முதல் கணு வரை போய்விட்டது. பாவி மிஷின், வேறு எதையாவது எடுத்திருக்கக் கூடாதா.

கிட்டார் தந்தியைத் தட்டுவதற்கு ஒரு சின்ன முக்கோணத் துண்டு உண்டு. பிக் என்பார்கள். அதைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். சுபினுக்குப் பிடிக்கப் பெருவிரல் நுனி இல்லை. கட்டுப் பிரித்த அன்று அவன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அன்று மாலையே என் வீட்டுக்காரர் என் பழைய சீப்பு ஒன்றை அறுத்து முதல் பிக்கைச் செய்தார். விரலில் நூல் வைத்துக் கட்டினார். இரண்டாவது தட்டிலேயே அது முறிந்தது.

பிறகு கடையில் வாடிக்கையாளர்கள் விட்டுவிட்டுப் போகிற பழைய தடித்த ஃப்ரேம்களைக் கொண்டுவர ஆரம்பித்தார். ஃப்ரேமை வளைப்பதற்குச் சூடான மணல் வைத்திருப்பார்கள். அதே போல் ஒரு தகரத்தில் மணலைக் காய்ச்சி, ஃப்ரேம் துண்டை அதில் புதைத்து இளக்கி, மோதிரம் மாதிரி சுருட்டினார். மோதிரம் குறைப்பெருவிரலில் மாட்டிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு நாக்கு நீண்டு தந்தியைத் தட்டும். முதல் மோதிரம் இறுக்கமாகித் தோல் கன்றியது. அடுத்தது தளர்ந்து சுற்றியது. வேர்வை போக ஓட்டை போட்டால் ஓட்டையோடு பிளந்தது. கடைசியில், கண்ணாடி மூக்கில் வழுக்காமல் இருக்க வைக்கிற மெத்தென்ற குமிழ் இருக்கிறதல்லவா, அதை மோதிரத்தின் உள்பக்கம் ஒட்டினார். அது பிடித்துக்கொண்டது.

பிக்கோடு நிற்கவில்லை. குறைவிரலால் ஓங்கித் தட்ட முடியாது, மெல்லத் தட்டினாலே கணீரென்று கேட்க வேண்டும் என்று கிட்டாரிலும் கை வைத்தார். தந்தியை முறுக்கும் ஆணிகளுக்குப் புதுக் குமிழ் செய்தார். கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படிந்து கிடக்கும் பட்டை பிளாஸ்டிக்காக இருந்தது. எலும்பில் செய்தால் நாதம் கூடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தால் என் மீன்குழம்புச் சட்டியில் எருமை எலும்பு கொதிக்கிறது! வீடு முழுக்க நாற்றம். அன்று நான் போட்ட சத்தத்தில் அக்கிரகாரத்துக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். மறுநாள் புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து சாப்பிட்டதும் சோதனை நடக்கும். சுபின் முன்னறையில் உட்கார்ந்து வாசிப்பான். என் வீட்டுக்காரர் அவன் எதிரில் குனிந்து உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த விரலையே பார்ப்பார். வாசித்து முடிந்ததும் ஒரே ஒரு சொல் சொல்வார்.

"போரா."

மலையாளத்துச் சொல்தான். இங்கே எங்கள் தமிழில் அது எப்போதோ குடியேறிவிட்டது. இவ்வளவு போதாது, இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு அரத்தை எடுத்துவிடுவார். சுபின் எழுந்து வெளியே போய்விடுவான். இப்படியே வாரா வாரம். நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த வாசிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் எனக்கு என்ன தெரியும், பாத்திரம் உருண்டால்கூட எனக்குப் பாட்டுத்தான் என்று இருவரும் கேலி செய்வார்கள்.

மறு வருஷம் ஓணத்துக்கு முன்னால் சீனிவாசன் சார் வீட்டுக்கு வந்தார். அவன் இடத்தை அதுவரை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் வைத்திருந்தார், நல்ல மனிதர். சுபின் வாசித்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக வாசித்து நான் அந்த விபத்துக்குப் பிறகு பார்த்ததில்லை. சார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"போறும்டா. ஓணத்துக்கு மேடையேறிடு. பாக்கியை நான் பாத்துக்கறேன்."

அக்கிரகாரத் தமிழில் போறும் என்றால் போதும். இது போதும், இதற்கு மேல் வேண்டாம் என்கிற நிறைவு. சுபினின் முகம் மலர்ந்தது. அவன் சாரைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தான். அண்ணன் வழக்கம் போல் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போரா," என்றார்.

மோதிரம் கடைசிப் பாட்டில் நூலளவு நகர்ந்ததாம். மேடையில் விளக்குச் சூட்டில் வேர்த்தால் வழுக்கும், அத்தனை ஜனங்கள் முன்னால் கழன்று விழுந்தால் பிள்ளையின் மானம் போய்விடும் என்று அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னார்! சொல்ல வேண்டியவன் பக்கத்து அறையில் படுத்திருந்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவன் சாரிடம் சொல்லி அனுப்பிவிட்டான். சார் இரண்டு மூன்று முறை ஆள் விட்டுக் கேட்டார். பிறகு வேறொரு பையனைச் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் சுபினுக்கு வேறு வேலை வர ஆரம்பித்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். ஜிஷாவைக் கட்டிக்கொண்டான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்ததும், ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டப் போய், அங்கேயே வீடு எடுத்துக்கொண்டான். கிட்டார் எங்கள் வீட்டிலேயே நின்றது. அண்ணனிடம் இருக்கட்டும் என்றானாம்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. பிக் சரியாகாததால்தான் தம்பி மனம் விட்டுப்போனான் என்று அவருக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. வருஷக்கணக்காகச் செய்தார். புது மாதிரி ஃப்ரேம்கள் வரும்போதெல்லாம் அதன் பிளாஸ்டிக்கை வளைத்துப் பார்ப்பார். நாக்கின் நுனியைச் சற்றே உருட்டினார், ஓரத்தைச் சரித்தார். மோதிரத்தை ஒரு பக்கம் திறந்துவிட்டார், விரல் வீங்கினாலும் வற்றினாலும் தானே பிடித்துக்கொள்ளும்படி. தன் விரலை மடக்கித் துணி சுற்றிக்கொண்டு தானே தட்டிப் பார்ப்பார். எத்தனை ஞாயிறு நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

இரண்டாயிரத்து ஆறு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கழக்கூட்டம் கிளம்பினோம். கேக் டப்பாவை நான் வைத்துக்கொண்டேன். கிட்டாரை அவர் கைப்பிள்ளையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கல்யாணத்தன்று இல்லாத களை. சாப்பாடு முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து சுபின் முன்னால் வைத்தார். தம்பியை ஆசையாக மக்களே என்றுதான் கூப்பிடுவார்.

"இப்பம்தான் சரியாச்சு, மக்களே."

"எது?" என்றான் சுபின்.

"பிக்."

சுபின் அதைக் கையில் எடுக்கவில்லை. அண்ணனையும் மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் குரல் கீழே இறங்கிவிட்டது.

"அண்ணன் போரான்னு சொன்னது இந்தப் பிக்கயா?"

வேறு எதை என்று இவர் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது.

"நான் என்னயல்லா நினைச்சேன். சீனி சார் எனக்க கையப் பாத்து இரக்கப்பட்டுப் போறும்னு சொல்லியாரு, அண்ணன் மட்டும்தான் உள்ளதச் சொல்லுதாருன்னு நினைச்சேன்."

தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் ஒன்று உண்டு. எழுவாய் வாக்கியத்தில் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும், கேட்பவர் தானே புரிந்துகொள்வார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்துகிறேன். கேட்பவர் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. பிக் என்று முன்னால் ஒரு சொல். நீ நன்றாக வாசித்தாய், பிக்தான் போரா என்று ஒரே ஒரு தடவை. அதைச் சொன்னால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? இந்த மடையன் சுபினாவது, யாரைச் சொல்லுகிறாய் அண்ணா என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா? அண்ணன் தம்பி இரண்டு பேரையும் சேர்த்து வைத்து அறைய வேண்டும் போல இருந்தது.

ஜிஷாதான் முதலில் அசைந்தாள். அவன் வாசித்து அவள் கேட்டதே இல்லை. ஒரு பாட்டு வாசியுங்களேன் என்று மெல்லச் சொல்லிக் கிட்டாரை எடுத்துக் கொடுத்தாள். சுபின் மோதிரத்தை மாட்டினான். அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. கையை உதறினான், நகரவில்லை. தந்தியைத் தட்டினான். அந்த நாதத்தை என்னவென்று சொல்ல, பாட்டு தெரியாத எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இடது கை வரவில்லை. வாசிக்கிறவர்களுக்குத் தந்தியை அழுத்தி அழுத்தி இடது விரல் நுனிகள் காய்த்துப்போயிருக்கும். அவனுடையது ஸ்டியரிங் பிடித்த கை, நுனியெல்லாம் இளகிவிட்டிருந்தது. அழுத்தினால் வலித்தது. தந்தி கரகரத்தது. சபையில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த பாட்டில் பாதியில் நின்று தேடினான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே இடத்தில் தாளமும் விட்டுப்போனது. நிறுத்திவிட்டான்.

என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் விரலைப் பார்க்காமல் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பம் சொல்லுங்க அண்ணா. எனக்க வாசிப்பு எப்படி இருக்கு?" என்றான் சுபின்.

அவர் வேகமாகத் தலையாட்டினார். "நல்லா இருக்கு, மக்களே. ரொம்ப நல்லா வாசிச்சே."

சுபின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணனைப் பார்த்துச் சிரித்தான்.

"இத அன்னைக்குச் சொல்லியிருந்தா, பொய்யாட்டு இருந்திருக்காது அண்ணா."

சொல்லிவிட்டு மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். கம்பெனியிலிருந்து போன் வந்தது, அடுத்த ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்ற வேண்டும் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிட்டாரை நான் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன், திரும்பக் கொண்டுவந்தால் இந்த மனிதர் மறுபடியும் அரத்தை எடுத்துவிடுவார். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார். இறங்கும் வரை நான் அவர் கையை விடவில்லை.