கல்லூரிக்கு ஊர் தேடிப் போன ஆறு நாள்

திங்கட்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் காரைக்காலை விட்டுக் கிளம்பும் ரயிலில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம்: உம்மா, உம்மாவின் தம்பியான என் மாமா, நான். பேரளம் வரை பதினான்கரை மைல். மூன்றாம் வகுப்புக்கு ஆளுக்கு ஏழணா. என் மடியில் ஒரு தகரக் குழாய் இருந்தது. அதற்குள் சுருட்டி வைத்திருந்தது நான் பத்து வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறிய ‘பிரெவே’ பரீட்சைச் சான்றிதழ். ஆறாம் நாள், சனிக்கிழமை மாலை, அதே ரயிலில் திரும்பி வந்தேன். போகாதவர்களுக்காக, முக்கியமாகப் பெண்ணைப் பெற்றுப் படிக்க வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் கல்லூரி கிடையாது. புதுச்சேரிக்கு அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி ஏழு மாதம் ஆகிவிட்டது. இனி பிரெஞ்சில் மேலே மேலே படித்து என்ன செய்வது? பள்ளியில் இங்கிலீஷும் ஒரு பாடமாகப் படித்திருந்தேன். இண்டர்மீடியட் சேர்ந்து, பிறகு பி.ஏ. படிப்பதென்று முடிவு செய்தேன். வாப்பா சைகோனில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவரிடமிருந்து உம்மாவுக்குக் கடிதம் வந்தது: “எந்த ஊர் என்று அவளே பார்த்துச் சொல்லட்டும். படிக்கப் போவது நீயும் இல்லை, நானும் இல்லை.” அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நான் புறப்பட்டேன். மாமா துணைக்கு வந்தார். உம்மா எதற்கு வந்தாள் என்பது எனக்குத் திருச்சி போகும் வரை தெரியாது.

திருநள்ளாறு தாண்டி, அம்பகரத்தூரும் தாண்டினோம். வாய்க்கால்களில் தண்ணீர் இன்னும் வரவில்லை. வயல்கள் வெடித்துக் கிடந்தன. முன்பெல்லாம் இந்தப் பிரெஞ்சு எல்லையில் சுங்கக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பெட்டிகளை உருட்டிப் பார்ப்பார்கள். இப்போது யாரும் ஏறவில்லை. “இனிமே எல்லாம் ஒரே தேசம்” என்று மாமா காலை நீட்டி உட்கார்ந்தார். அதை நானும் நம்பினேன்.

பேரளத்தில் மாறி, மாயவரத்தில் மாறி, திருச்சி போய்ச் சேரும்போது பிற்பகல் மூன்று மணி. ஜங்ஷனிலிருந்து பாலக்கரைக்கு ஜட்காவில் எட்டணா. அங்கே மாமாவுக்குப் பழக்கமான தோல் வியாபாரி ஒருவர் வீட்டில் தங்கினோம். திருச்சி வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரி இல்லை. எங்களுக்குக் கடல் காற்று உண்டு. இங்கே மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சாயங்காலம் தெருவில் கொட்டுகிறது. ஆனால் குழாயைத் திறந்தால் காவேரித் தண்ணீர் வந்தது. உம்மா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, “தண்ணி நல்லாருக்கு” என்றாள். ஊருக்கு அவள் கொடுத்த முதல் மதிப்பெண் அது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போனோம். பெயர் எழுத விரும்பவில்லை. அலுவலகத்தில் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் இருந்தார். நான் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். அவர் அதை மாமா பக்கம் திருப்பினார்.

“இது என்ன பாஷை சார்?”

“பிரெஞ்சு” என்றேன் நான்.

“பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருக்கா சார்?” மறுபடியும் மாமாவிடம்தான் கேட்டார்.

“இது அதுக்குச் சமம்ங்க. பிரெவே” என்றேன்.

“சமம்னு யார் சொன்னது சார்?” என்று மாமாவைக் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். குமாஸ்தா மாமாவுக்கு மறுபதில் சொன்னார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. நான் அந்த அறையில் இருக்கிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கடைசியில் அவர் சொன்னது இது: சென்னையில் சர்க்கார் அலுவலகத்திலிருந்து சமானம் என்று ஒரு கடிதம் கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் உயர்நிலைப் பள்ளியில் நாலாம் பாரத்தில் சேர்ந்து, மூன்று வருஷம் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வர வேண்டும்.

நாலாம் பாரம்! பதின்மூன்று வயதுக் குழந்தைகளோடு பதினேழு வயதில் நான் பெஞ்சில் உட்கார வேண்டுமாம். கணக்கும் பூகோளமும் ரசாயனமும் நான் படித்தது பிரெஞ்சில் என்பதற்காகப் படிக்காததாகிவிடுமா? இரண்டும் இரண்டும் பிரெஞ்சில் நான்கு ஆவதில்லையா? இதைக் கேட்க நினைத்தேன். கேட்காமல் சான்றிதழைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்தேன்.

இதற்குள் உம்மாவைக் காணவில்லை. தேடினால், விடுதிச் சமையலறையிலிருந்து வெளியே வருகிறாள். வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கே பாத்திரம் தேய்க்கும் பெண்ணோடு பேசிக்கொண்டே வந்தாள்.

“கக்கூஸ் சுத்தமா இருக்கு. கெணறு தனியா இருக்கு. சோத்துக்கு ஊத்துற ஆனம் தண்ணியா இருக்கு, ஆனா எல்லாப் புள்ளையளும் ஒரே பந்தியில உக்காந்து திங்குதுவ” என்றாள் என்னிடம். “உள்ள என்னா சொன்னாங்க?”

சொன்னேன். “அந்தக் கடுதாசிய மெட்ராஸ்ல வாங்கிட்டாப் போச்சு. அழுவாத” என்றாள். நான் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று மாலையே சென்னைக்கு வண்டி. இருநூற்றொன்பது மைல், ஆளுக்கு ஆறு ரூபாய் இரண்டணா. புதன்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, திருவல்லிக்கேணியில் ஒரு முஸ்லிம் விடுதியில் அறை எடுத்தோம். நாளுக்கு இரண்டு ரூபாய். உம்மா இங்கேயும் முதலில் தண்ணீர் கேட்டாள். ஒரு வாய் வைத்துவிட்டு மீதியை வாசலில் ஊற்றினாள்.

சென்னை எனக்குப் பிடித்தது என்பதை மறைக்க மாட்டேன். கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது, கையில் புத்தகங்களோடு என் வயதுப் பெண்கள் தனியாக நடந்து போவதைப் பார்த்தேன். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில்தான் இருக்கப் போகிறேன் என்று அந்த நிமிஷமே மனத்துக்குள் தீர்மானித்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு அந்த சர்க்கார் அலுவலகத்துக்குப் போனோம். நான்கு மேஜை மாறி, இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து, ஐந்தாவது மேஜைக்காரரிடம் சான்றிதழைக் கொடுத்தேன். இளைஞர். பார்த்தவுடன், “காரைக்காலா?” என்றார்.

“ஆமாங்க. சமானக் கடிதம் வேணும்.”

“கடிதம் எதுக்கும்மா? இது சமானம்தான்னு மார்ச் மாசமே எல்லாக் காலேஜுக்கும் சுற்றறிக்கை அனுப்பிட்டோமே. உங்களை யார் இங்க அனுப்பினது?”

கல்லூரியின் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு தடித்த பதிவேட்டைப் புரட்டி, ஒரு வரியை விரலால் காட்டினார். அந்தக் கல்லூரிக்குத் தபால் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்ததற்கு அவர்கள் கையெழுத்தும் வந்திருக்கிறது. அதாவது, நான் குமாஸ்தா முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது, அந்தக் காகிதம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்திருக்கிறது! அதைப் பிரித்துப் படிக்க அவருக்குக் கை வரவில்லை. அதற்காக ஒரு குடும்பம் இருநூறு மைல் வந்திருக்கிறது. அந்த இளைஞரிடம் சுற்றறிக்கையின் நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மாமா, “போவட்டும் விடு, தெரியாமப் பண்ணிட்டாரு” என்றார். தெரியாமல் செய்வதற்கா அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

வியாழக்கிழமை, நகலோடு சென்னையில் ஒரு கல்லூரிக்குப் போனோம். இடம் உடனே கிடைத்தது. திருச்சியில் நடந்ததற்கு மருந்து போட்டது போல் இருந்தது. அங்கே சேரும் வெளியூர்ப் பெண்கள் தங்குவதற்குப் பக்கத்துத் தெருவில் சில பெரிய வீட்டுப் பெண்மணிகள் நடத்தும் விடுதி ஒன்று உண்டு. மாடி வீடு, வேப்பமரம், ஒவ்வொரு அறையிலும் மின்விசிறி. நடத்தும் அம்மாள் எங்களை நாற்காலியில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். என் பெயரைக் கேட்டார்கள். ஜொஹரா என்றேன். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது.

“ரூம் இருக்கும்மா. எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. மத்தப் பெண்களோட தாய் தகப்பனார் ஏதாவது நினைச்சுக்குவாங்களோன்னுதான்... சாப்பாட்டை மட்டும் ரூமுக்கே அனுப்பிடறோம். தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சுக்கலாம். உங்களுக்கும் அதுதானே சௌகரியம்?”

நான் அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: சரி என்று சொல்ல என் வாய் திறந்தது. நான்கு வருஷம் தனித் தட்டில் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? கடற்கரைச் சாலை இருக்கிறது, புத்தகசாலை இருக்கிறது.

உம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நோயாளிக்குத்தாங்க அறைக்குச் சோறு அனுப்புவாங்க. எம் மவளுக்கு நோய் இல்ல.”

“ஐயோ, நான் தப்பா ஒண்ணும் சொல்லலைங்களே.”

“இல்லீங்க, நீங்க நல்லபடியாத்தான் சொன்னீங்க” என்று எழுந்தாள் உம்மா. எங்கள் ஊரில் பெருநாளைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடாத இந்துக் குடும்பம் எங்கள் தெருவில் கிடையாது. அவளுக்கு இது புதிது. வெளியே வந்து, துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஊரு ஒம் முடிவு. வாப்பா அப்புடித்தான் எழுதியிருக்காங்க. நீ இங்கதான்னு சொன்னா நான் தடுக்கல” என்றாள்.

அந்தத் தெருமுனையில் நின்று யோசித்தேன். திருச்சிக் குமாஸ்தா செய்தது அக்கிரமம். ஆனால் அவர் முன்னால் ஒரு காகிதத்தைப் போட்டுச் சண்டை பிடிக்கலாம். இந்த அம்மாளோடு எதைப் போட்டுச் சண்டை பிடிப்பது? மோரும் சிரிப்பும் கொடுத்தல்லவா தள்ளி வைக்கிறார்கள்? சென்னையில் வேறு விடுதிகள் இருக்கும், இவர்களைப் போல் இல்லாதவர்களும் இருப்பார்கள். ஆனால் என்னைத் தனித் தட்டுக்குச் சம்மதிக்க வைக்கப் பார்த்த ஊர் அது. சம்மதிக்கவிருந்தது நான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“திருச்சி” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை திருச்சி வந்தோம். மாமா ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும். தொழுதுவிட்டு வரும் வரை பொறுத்திருக்கச் சொன்னார். நான் பொறுக்கவில்லை. பன்னிரண்டரை மணிக்கு உம்மாவும் நானும் மட்டும் கல்லூரி அலுவலகத்துக்குள் நுழைந்தோம். குமாஸ்தா எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“சார் வரலையா?”

“சார் படிக்கப் போறதில்லைங்க. நான்தான் படிக்கப் போறேன். எங்கிட்டப் பேசுங்க” என்றேன்.

நகலை மேஜையில் வைத்தேன். “இதோட அசல் மார்ச் மாசம் உங்களுக்கு வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீங்க. அலமாரியில பாருங்க.”

அவர் பார்க்கமாட்டேன் என்பது போல் உட்கார்ந்திருந்தார். உம்மா அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டாள். “தேடுங்க தம்பி. அவசரமில்ல. நாங்க இருக்கோம்” என்றாள்.

பத்து நிமிஷத்தில் கிடைத்தது. உறை பிரிக்கப்படாமலே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து அதைப் பிரித்தார், படித்தார், காதெல்லாம் சிவந்து போயிற்று. “வேலை ஜாஸ்திம்மா” என்றார். மாமாவைத் தேடாமல் அவர் என்னிடமே சொன்ன முதல் வார்த்தை அதுதான். மன்னிப்பு என்ற சொல் கடைசி வரை வரவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை. விண்ணப்பத்தை என் கையாலேயே நிரப்பினேன். எந்தக் குரூப் என்ற இடத்தில் கணிதம், பௌதிகம், ரசாயனம் என்று எழுதினேன். என்னைப் போல் வேறு பெண்கள் வந்து திரும்பிப் போனார்களா என்று கேட்டேன். “புதுச்சேரியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு” என்றார். அந்தப் பெண் இப்போது எந்த நாலாம் பாரத்தில் உட்கார்ந்திருக்கிறாளோ! விலாசம் இருக்கிறதா என்று கேட்டேன். குறித்து வைக்கவில்லையாம்.

சனிக்கிழமை. மாயவரத்தில் மாறி, பிற்பகல் பேரளத்தில் காரைக்கால் வண்டிக்கு நின்றோம். சனிக்கிழமை என்பதால் திருநள்ளாற்றுக்குப் போகும் கூட்டம் பெட்டியை அடைத்திருந்தது. காரைக்கால்மேட்டிலிருந்து கருவாடு கொண்டு வந்து விற்றுவிட்டு வெறுங்கூடையோடு ஒரு பெண் ஏறினாள். என் வயதுதான் இருக்கும். நாற்றம் என்று இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். உம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“எங்க போயிட்டு வர்றீங்க?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“திருச்சி, மெட்ராஸ். காலேஜ்ல சேர.”

“அம்மாடி, அம்புட்டுத் தூரமா? நம்ம ஊர்ல இல்லியா?”

“இல்ல.”

“ஏன் இல்ல?”

நான் வாயைத் திறந்தேன்.

மாமா குறுக்கிட்டார். “அதெல்லாம் சர்க்கார் விஷயம்மா.”

“எந்த சர்க்காருங்க? போனதா, வந்ததா?” என்றாள் அவள்.

மாமா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கேலிக்காகக் கேட்கவில்லை அவள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குச் சுரீரென்றது. எந்த ஊர் நல்ல ஊர், எந்த ஊர் என்னை அவமதித்தது என்று ஆறு நாளாக நான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆண்டவர்கள் கோர்ட்டும் சிறையும் சுங்கச் சாவடியும் கட்டிய ஊரில் ஏன் ஒரு கல்லூரி கட்டவில்லை என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. எனக்கு சைகோனில் ஒரு வாப்பா இருக்கிறார், ரயில் கட்டணம் இருக்கிறது, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் உம்மா இருக்கிறாள். அதனால் நான் ஊர் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்கள்?

உனக்குப் படிக்கிற தங்கை தம்பி இருக்கிறார்களா என்று அவளைக் கேட்டேன். தங்கை மூன்றாம் வகுப்பாம். தங்கையும் இவளுடைய மாமா மகளும் நெரவிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகவே படிக்கிறார்களாம். இரண்டு பேரும் கணக்கில் கெட்டிக்காரிகளாம்.

அந்த இரண்டு பெண்களும் பள்ளிப் படிப்பை முடிக்க இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கிறது. ஒரு கல்லூரி கட்ட அது போதாதா? போதாதென்றால் ஏன் போதாது என்று, பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது காரைக்கால்மேட்டுக்குப் போய், அந்த வீட்டு வாசலில் நின்று, அந்தக் கூடைக்காரப் பெண்ணிடமே சொல்லட்டும்.