மழையில்லாத நாளில் வைப்பர்

கார் ஓட்டப் பழக்குபவன் கையில் ஸ்டியரிங் இல்லை. காலடியில் இரண்டாவது பிரேக்கும், மூட முடியாத இரண்டு காதுகளும்தான் உண்டு. ஆக்லாந்தில் இதே வேலை செய்யும் சக பாவிகளுக்கு இது தெரியும். கீழே வருவதை எனக்குச் சொன்னவர் நபீல். சில வருடங்களாக அதை நான் நம்பவில்லை. நம்பாத என்னையும் அவ்வளவாக நம்பவில்லை.

வைப்பர்

நபீல் ஜோர்தான்காரர். என்னைப் போல ஐம்பதைத் தாண்டியவர். த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு பேக்கரியில் வேலை. லைசென்ஸ் சோதனையில் தவறுவார், சில மாதம் காணாமல் போவார், திரும்ப வருவார். அவர் ஊர்க் காரில் சிக்னல் தடி இடது பக்கம். என் ஜப்பான் காரில் வலது பக்கம்; இடது பக்கம் இருப்பது வைப்பர் தடி. மனம் அமைதியாக இருந்தால் சரியாகப் போடுவார். ஊர்ப் பக்கத்துப் போர் நினைவுக்கு வந்தால் பழைய கை எழுந்துவிடும். நல்ல வெயிலில், காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிடும்.

"உஸ்தாத்," என்றார் ஒருநாள். வாத்தியாரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்கள் டிவியில் செய்தி பார்க்க வேண்டாம். இந்தக் கண்ணாடியைப் பார்த்தால் போதும்."

மொட்டை மாடி

போர் தொடங்கிய வாரம் ஏவுகணைகள் ஜோர்தானில் இருக்கும் அவருடைய தம்பி யூசுப்பின் வீட்டுக்கு மேலாகப் பறந்தன. தெருவே மொட்டை மாடிகளில் ஏறிக் கைதட்டியதாம். பிள்ளைகளைக் கீழே கூட்டிப்போ என்று நபீல் போனில் கத்தியிருக்கிறார். தம்பி குரல் செய்தியில் பதில் அனுப்பினான். அதைக் காரில் போட்டுக் காட்டி, எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னார்:

"அண்ணா, கடலுக்கு அப்பால் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு எங்களுக்குப் பயப்படச் சொல்லித் தராதே."

வகுப்புக்கு ஒரு கருத்து

அடுத்த வகுப்பில், தம்பியோடு சமாதானம் ஆகிவிட்டது என்றார். அதன் பிறகு அந்தத் தெருவின் மனம் மாறிக்கொண்டே வந்தது. ஏவுகணைத் துண்டு ஒன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததும், கைதட்டியவர்களே ஏவியவனைத் திட்டினார்களாம். பிறகு சுட்டு வீழ்த்தியவனை. பிறகு வேடிக்கை பார்த்த உலகத்தை. பிறகு யாரும் மாடிக்கே ஏறவில்லையாம். எல்லாம் "தம்பி சொல்கிறான்" என்றுதான் வரும். தம்பியின் குரலை நான் மறுபடி கேட்கவில்லை.

ஒரு தெரு முழுக்க இப்படி ஒன்றாக மாறுமா? ரானுயி பகுதியில் இருந்து வரும் ஈராக்கிய மாணவி ஹனானிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"தெருவா? என் அம்மாவே காலைச் செய்திக்கு ஒரு பக்கம், மாலைச் செய்திக்கு மறுபக்கம். அதை விடுங்கள், இந்தச் சந்தியில் நான் எந்தப் பக்கம் திரும்புவது?"

சாப்பாட்டு மேசை

எங்கள் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனம் என்ன நினைக்கிறது என்று லண்டனிலும் டொரன்டோவிலும் இருந்தவர்கள் அடித்துச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. அந்த ஞாபகத்தோடு, "இந்த மனுசன் பொய் சொல்லுறாரோ?" என்று மனைவியிடம் கேட்டேன். அவள் சோற்றைப் போட்டபடியே சொன்னாள்:

"பொய் எண்டு ஏனப்பா சொல்லுறியள்? கூடப் பிறந்தது கோவிச்சுக்கொண்டு போனை எடுக்காட்டி, அது இப்ப என்ன சொல்லும் எண்டு நாங்களே கதைச்சுப் பாக்கிறேல்லையே?"

மனுகாவ் வரை

போன மாதம் நபீல் சோதனையில் தேறிவிட்டார். ஆனாலும் அடுத்த வாரம் வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றார். மனுகாவ் வரை ஒரு ஓட்டம் போகலாம் என்றார். சிக்னல் எல்லாம் ஒழுங்காக விழுந்தது.

"தம்பி இப்போது சொல்கிறான், யாரும் வெல்ல வேண்டாமாம், எல்லாம் நின்றால் போதுமாம்."

சொல்லி முடித்து, அடுத்த சந்தியில் திரும்புவதற்குச் சிக்னல் போடப் போனார். வைப்பர் ஆடியது.

அரபு மக்களின் மனம் பற்றி இத்தனை காலம் நான் சேர்த்து வைத்திருந்த அறிவெல்லாம் ஒரே ஒரு அண்ணனின் மனம் பற்றியது. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கையை நீட்டி வைப்பரை நானே அணைத்தேன்.

"நபீல், ஜோர்தானில் இப்போது விடிந்திருக்கும். அவன் எடுக்காவிட்டாலும் நான் பக்கத்தில் இருக்கிறேன். தம்பிக்கு ஒருமுறை போன் எடுத்துப் பார்ப்போமா?"