ஓடுபாதை என்று எழுதினேன்

விமானம் கட்டுகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கொட்டகைக்குள் வந்து நேரில் பார்த்தவர்களே நம்பவில்லை. நாகூர் பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். அங்கே நெல்லடிக்கும் களத்துக் கொட்டகையில் அது நின்றது, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய குட்டி விமானம். பெங்களூரில் விமானப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த என்னை, அப்பா செத்ததும் நிலத்தைப் பார்த்துக்கொள்ள வரவழைத்தார்கள். வந்து மாட்டிக்கொண்டேன். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் வழக்கில் கிடந்ததால் விற்கவும் முடியாது. அறுப்புக்கு அறுப்பு கூலித் தகராறு என்பதால் நிம்மதியாக வைத்துக்கொள்ளவும் முடியாது. அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான் விமானம். மேலே போய்விட்டால் ஒரு பயலும் என்னைக் கூப்பிட முடியாதே!

“இந்தக் காசுக்கு ஒரு டிராக்டர் வாங்கியிருந்தா உழவாச்சும் ஓட்டியிருக்கலாங்க” என்பாள் மனைவி. பொய்யில்லை. எங்கோ விழுந்து நொறுங்கிய பயிற்சி விமானத்தின் எஞ்சினை ஏலத்தில் எடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த புரொப்பல்லர், இறக்குமதி லைசென்ஸ் இல்லை என்று துறைமுகக் கிடங்கில் கிடந்தது. அதை மீட்பதற்குள் அதன் விலையைக் கிடங்கு வாடகை தாண்டிவிட்டது. விமானத்துறை இன்ஸ்பெக்டர் இன்னொரு தலைவலி. இறக்கையின் மரச்சட்டங்களை அவர் பார்த்த பிறகுதான் மேலே துணி போர்த்த வேண்டுமாம். வருகிறேன் வருகிறேன் என்று மாதக்கணக்கில் வரவில்லை. எலி கடிக்கிறதே என்று நான் போர்த்திவிட்டேன். மறுவாரமே வந்து நின்றார்.

“பிரிங்க” என்றார்.

வயிற்றெரிச்சலோடு பிளேடால் கிழித்துக் காட்டினேன். மறுபடி துணி வாங்க மனைவியின் வளையல் போனது. அன்றைக்கு அவள் டிராக்டர் பேச்சை எடுக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

கடைசியில் இன்ஸ்பெக்டர், “வண்டி சரியா இருக்கு. எங்கேருந்து கிளம்புவீங்க? அந்த இடத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு வருவாய்த்துறையில வாங்கி வைங்க. நான் வந்து இடத்தைப் பாத்து எழுதினா பர்மிட் வந்துரும்” என்றார். இவ்வளவுதானே என்று குதித்தேன். சுற்றிலும் சேறுதான் என்றாலும், வாய்க்காலை ஒட்டி நீளமாக எங்கள் மேட்டுத்துண்டு ஒன்று இருந்தது. தண்ணீர் ஏறாது, பயிரும் வராது. எனக்காகவே கிடந்த இடம்.

தாலுகா ஆபீஸில் என் இங்கிலீஷ் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். “கழக ஆட்சி சார் இது. எல்லாம் தமிழ்லதான். எழுதிட்டு வாங்க.” சரி, ரன்வேக்குத் தமிழ் என்ன? யோசித்து, ‘என் மேட்டுத்துண்டில் ஓடுபாதை அமைக்க அனுமதி வேண்டும்’ என்று எழுதினேன். நல்ல தமிழ் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதே மேஜையில் வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்துக் காலனிக்காரர்களின் மனுவும் கிடந்திருக்கிறது. அவர்களுக்குச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் செத்தால் முழங்கால் சேற்றில், அடுத்தவர் வயலுக்குள் பிணத்தைத் தூக்கிப் போக வேண்டும். பயிரை மிதித்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு சாவிலும் அடிதடி. பாதை கேட்டு விவசாயக் கூலிகளின் சங்கம் கொடி பிடித்தது. மிராசுகள் ஒருவரும் தரவில்லை, என் அப்பாவும்தான்.

கிளார்க் இரண்டு மனுவையும் சேர்த்துப் படித்தார். என் மேட்டுத்துண்டு சுடுகாடு வரை போவது அவருக்குத் தெரியும். ஓடுபாதை என்றால் ஓடு பதித்த பாதை என்று எடுத்துக்கொண்டார்! மண் பாதை கேட்டவர்களுக்கு நான் ஓடே பதித்துத் தருகிறேன் என்று தாசில்தாருக்கு எழுதி வைத்துவிட்டார்.

தாசில்தார் சர்வேயரோடு வந்து பொதுப்பாதைக்குக் கல் நட்டார். காலனியே திரண்டு நின்றது. டவுனிலிருந்து வந்த சங்கத் தலைவர் என் தோளில் சிவப்புத் துண்டைப் போட்டு, “பெரிய மனசுங்க உங்களுக்கு” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஐயோ, இது பிணம் போக இல்லை, நான் பறக்க என்று எந்த வாயால் சொல்வது? “சிரிங்க, எல்லாரும் பாக்குறாங்க” என்று பக்கத்திலிருந்து மனைவி முணுமுணுத்தாள். சிரித்தேன்.

சாயங்காலமே சித்தப்பா நாலு மிராசுகளோடு வந்துவிட்டார். “காட்டிக் குடுத்துட்டியேடா! இந்த வக்காலத்துல ஒரு கையெழுத்துப் போடு. ஸ்டே வாங்கிக் கல்லைப் புடுங்கிடலாம். ஒன் ஏரோப்ளேனுக்குப் பெட்ரோல் நாங்க போடறோம்.” போட்டால் நான் பறக்கலாம், காலனிக்காரர்கள் சேற்றில் இறங்குவார்கள். போடாவிட்டால் நான் ஆயுசுக்கும் இந்தக் களத்திலேயே கிடக்க வேண்டியதுதான். இரண்டுக்கும் மனசு வரவில்லை. தாசில்தார் கொடுத்த தாளில் ‘ஓடுபாதைக்கு ஆட்சேபணை இல்லை’ என்றுதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நேரத்தில் பாதை காலியாக இருந்தால், கல்லைக் கவனிக்காமல் அவர் எழுதிக் கொடுத்துவிடக்கூடும் என்று ஒரு நப்பாசை. வக்காலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன்.

ஐப்பசி அடைமழையில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். மேட்டுத்துண்டின் நடுவில் நின்று நீளத்தைப் பார்த்தார். “பிரமாதமா இருக்கே” என்று குடைக்கடியில் ஃபைலைத் திறந்தார். அப்போதுதான் பறைச்சத்தம் கேட்டது. எங்களிடம் ஏர் ஓட்டிய ஒருவர் முதல்நாள் இறந்திருந்தார். பாடையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். முன்னால் தோள் கொடுத்து வந்தவன் அவர் மகன். என்னையும் ஜீப்பையும் பார்த்ததும், பண்ணையார் எதிரே வந்தால் வழக்கமாகச் செய்வதுபோல, வழிவிட்டு வயலுக்குள் இறங்கப் போனார்கள். மகனின் ஒரு கால் சேற்றில் பதிந்தது, பாடை சாய்ந்தது.

“ஏய், எறங்காதீங்கப்பா!” என்று கத்திவிட்டேன். “இது ஒங்க பாதை! எதுக்கு எறங்குறீங்க?”

நின்றார்கள். இன்ஸ்பெக்டரும் எழுதுவதை நிறுத்தினார். “இது பொதுப்பாதையா?”

பையில் வக்காலத்து இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “பொதுப்பாதையில பிளேன் ஓட்ட முடியாது சார்” என்று சொல்லி ஃபைலை மூடினார். கூட்டத்தில் திரும்ப இடமில்லாமல் ஜீப் ரிவர்ஸிலேயே போய்ச் சாலையில் ஏறியது.

மழையில் நின்று ஓவென்று அழுதேன். அத்தனை வருஷம், அத்தனை காசு, இனி இந்த மண்ணைவிட்டு ஒரு அடிகூட மேலே போக மாட்டேன். மகன் பாடையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். அதுவரை அந்தக் காலனியிலிருந்து யாரும் என்னைத் தொட்டதில்லை. சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

“அழுவாதீங்கய்யா” என்றான். “எங்கப்பா மேல இவ்ளோ பாசமாங்க ஒங்களுக்கு?”