சாக்கு சொன்ன திசை

கால்பந்தை ஒருமுறைகூடக் காலால் உதைக்காமல் இரண்டு வருடம் கால்பந்து கேம் செய்தவன் நான். இதை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் பி.டி. பீரியடில் நான் ஸ்கோர் எழுதுகிறவன். கல்லூரியில் பந்து என் பக்கம் உருண்டு வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறவன். ஆனால் பந்து காற்றில் எப்படிச் சுழல்கிறது, தரையில் எவ்வளவு வேகம் இழக்கிறது என்று மூன்று மணி நேரம் பேசுவேன். பேசியும் இருக்கிறேன். கேட்டவர்கள் அதற்குப் பிறகு என்னோடு டீ குடிக்க வருவதில்லை.

கம்பத்தில் ஒரு விதைக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் மூன்று பேர். முதலாளி ராஜேஸ்வரி, பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, கேம் கம்பெனியைச் சொந்த ஊரில்தான் நடத்துவேன் என்று வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்பதால் என்னை 'அண்ணே' என்பார். முதலாளி என்பதால் அதை மிரட்டும் தொனியில் சொல்வார். அடுத்து ஷாஜி, அனிமேஷன். குமுளியிலிருந்து தினமும் பஸ்ஸில் மலையிறங்கி வருவார். அங்கே செவன்ஸ் ஆட்டத்தில், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தில், ஓரத்தில் ஓடும் விங்கராகப் பெயர் வாங்கியவர். எங்கள் மூவரில் கால்பந்து தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆகவே நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

போனில் ஆடும் செவன்ஸ் கேம் எங்களுடையது. சென்னைக் கம்பெனி ஒன்று வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: சோதனைக்கு விடும்போது, முதல் நாள் ஆடியவர்கள் மறுநாளும் வந்து ஆட வேண்டும். வராவிட்டால் கேம் இல்லை, கேம் இல்லாவிட்டால் ஆபீஸும் இல்லை. ராஜேஸ்வரி பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். ஷாஜி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்குக் குடிபோக வேண்டும். எனக்குப் போக இடமே கிடையாது. நாற்பத்தெட்டு வயதுக்காரனின் ரெஸ்யூமேயைத் திறக்கிறவர்கள் அதை மூடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

1. ஐம்பது ஆட்டம், ஒரு கோல்

பந்தின் குணத்தை மட்டும் நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஓர் ஆடி மாதம் முழுக்க ஊருக்கு வெளியே இருந்த மைதானத்தில் ஷாஜியை நூற்றுக்கணக்கான தடவை உதைக்க வைத்து, ஒவ்வொன்றையும் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து, டேப் பிடித்து அளந்து, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வேறெந்த கேமிலும் இப்படி ஒரு பந்து இருக்காது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது.

முதல் வெர்ஷன் முடிந்ததும் கம்ப்யூட்டரையே இரண்டு பக்கமும் ஆடவிட்டேன். ஐம்பது ஆட்டம். ஒரு கோல். அதுவும் கோல்கீப்பர் சேற்றில் வழுக்கித் தன் கோலுக்குள்ளேயே தட்டிவிட்டது. நான் பூரித்துப்போய் ராஜேஸ்வரியிடம் காட்டினேன்.

"அண்ணே, கோலெல்லாம் எங்க?"

"நிஜத்துல கோல் விழுறது லேசுப்பட்டதாம்மா? இதான் ரியலிசம்."

"இந்தாளு ஏன் குனிஞ்சு நிக்கிறான்?"

"கெண்டைக்கால் பிடிச்சிருச்சு. ஸ்டாமினா எறங்கும்ல."

"அங்கன ஒருத்தன் உக்காந்திருக்கானே?"

"ஷூ லேஸ் கட்டுறான்."

அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். கோபம் வந்தால் அவர் எதையும் மெதுவாகத்தான் செய்வார். "அண்ணே, நாள் பூரா தோட்டத்துல வாழைத்தார் சொமந்தவன், செத்த நேரம் ஆறுதலா இருப்பம்னு போனைத் தொறக்குறான். அதுக்குள்ளயும் ஒருத்தன் காலு வலிக்குதுன்னு உக்காந்திருந்தா அவன் என்னத்துக்கு ஆகுறது?"

ஷாஜி தன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "சேட்டா, இது களியல்ல. கஷ்டப்பாடு." விளையாட்டல்ல, அவஸ்தை என்று அர்த்தம்.

2. குச்சனூர் சனிக்கிழமைகள்

சாதாரண ஜனங்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. அதற்குள் அடுத்த வருடத்து ஆடி வந்திருந்தது. ஆடி மாதத்துச் சனிக்கிழமை, சாதாரண ஜனங்கள் குச்சனூரில்தான் இருப்பார்கள். அங்குள்ள சனீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் நானும் ஷாஜியும் இரண்டு டேப்லெட்டோடு உட்கார்ந்தோம். எள் விளக்கு விற்கிறவர்களுக்கும் எங்களுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வியாபாரம் மட்டும் அவர்களுக்கு நடந்தது.

முதலில் வந்து நின்றவர் பேச்சியம்மாள். கடமலைக்குண்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர், இலவம்பஞ்சு வியாபாரம். ஒன்பது சனிக்கிழமை வந்து விளக்குப் போடுவதாக வேண்டுதல். புருஷனை வரிசையில் நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்திருந்தார்.

"என்னண்ணே விக்கிறீக?"

"விக்கலம்மா. சும்மா ஆடிப் பாருங்க."

ஆடினார். ஐந்து நிமிடத்தில் அவருடைய ஆள் ஒருவனுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது, ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது, கோல் மட்டும் கிடைக்கவில்லை.

"ஏலே, ஓடுறா! ஆத்தாடி, மறுபடி உக்காந்துட்டான். என்னண்ணே இது, பூராம் நோக்காட்டுப் பயலுகளா இருக்கானுக?"

"நிஜ ஆட்டம் அப்படித்தாம்மா."

"சனீஸ்வரரைக் கும்பிட்டா பிடிச்ச சனி விட்டுப் போகும்னு வந்த எடத்துல, இன்னொரு சனியனைக் கையில குடுக்குறீகளே!" என்று டேப்லெட்டை என் மடியில் வைத்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டார். டீக்கடைக்காரர் சிரித்ததில் பால் பொங்கி வழிந்தது.

அவமானப்பட்ட அறிவாளி மறு எல்லைக்குத்தான் ஓடுவான். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். களைப்பு இல்லை, ஃபவுல் இல்லை, சேறு இல்லை. எந்தப் பக்கம் தட்டினாலும் பந்து கோலைத் தேடிப் போகும். அடுத்த சனிக்கிழமை பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். பேச்சியம்மாள் பதினெட்டு கோல் போட்டார். போட்ட ஒவ்வொன்றுக்கும் என் முதுகில் ஓர் அடி. நான் அன்றே வெற்றி என்று ராஜேஸ்வரிக்குப் போன் செய்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போனார்.

"என்னம்மா, இன்னைக்கு ஆடலையா?"

"அதான் போன வாரம் பதினெட்டு போட்டாச்சுல்ல. நான் கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாலும் உள்ள போகுது. அப்பொறம் நான் எதுக்குண்ணே?"

கேம் டிசைன் பற்றி நான் எத்தனையோ தடிமனான புத்தகங்கள் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எதிலும் இல்லை.

3. விங்கரிடம் கேட்டது

வேறு வழியில்லாமல் ஷாஜியிடம் கேட்டேன். ஒன்றரை வருடமாக அவர் காத்திருந்திருக்கிறார் என்பது பதில் வந்த வேகத்தில் தெரிந்தது.

"சேட்டா, கோல் போனா 'நான் போட்டேன்'னு தோணணும். போகலைன்னா 'அய்யோ, நானே விட்டேன்'னு தோணணும். ரெண்டுலயும் நான் இருக்கணும். கால் பிடிக்கிறதுல நான் எங்க இருக்கேன்?"

அவர் சொல்லச் சொல்ல மாற்றினேன். பாஸ் கொடுக்கும் வேகம் ஆடுகிறவர் கையில். பந்தை முதலில் தொடும் விதம் கையில். கோல்கீப்பர் நல்லவர்தான், ஆனால் ஏமாற்ற முடிகிறவர். என் சேற்றையும் ஷூ லேஸையும் இழந்தேன். பந்தை மட்டும் பழையபடி நான் அளந்த குணத்துக்கே திருப்பினேன், அதில் கைவைக்க விடவில்லை. அளந்தது அளந்ததுதான், அது என் மானத்தின் கடைசிக் கோட்டை.

ஆவணியில் மறுபடி குச்சனூர். பேச்சியம்மாள் இந்தத் தடவை மூன்றுக்கு இரண்டு தோற்றார். "பொறு, பொறு, இன்னொண்ணு" என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை பெஞ்சை நெருங்கும்போதே, "எங்கண்ணே அந்தப் பந்து?" என்று கையை நீட்டினார். அவர் புருஷன் வரிசையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் தனியாகவே விளக்குப் போட்டுவிட்டு வந்தார்.

சென்னைக்கு அனுப்பிவைத்தோம். ராஜேஸ்வரி ஆபீஸுக்கு ஜிலேபி வாங்கி வந்தார்.

4. கீழே இழுக்கும் பந்து

நான்காம் நாள் சென்னையிலிருந்து பிரசாத் கூப்பிட்டார். கேமை வெளியிடும் பொறுப்பு அவருடையது.

"சார், கேம் நல்லாருக்கு. ஆனா பந்துல பெரிய பக் இருக்கு. எப்படி அடிச்சாலும் ஸ்கிரீனுக்குக் கீழ்ப் பக்கமா இழுக்குது. இங்க எல்லாருமே அதான் சொல்றாங்க. பாதிப் பேர் மறுநாள் வரவே இல்ல."

"எங்க ஊர்ல எத்தனையோ பேர் ஆடினாங்க. ஒருத்தர்கூடச் சொல்லலையே, தம்பி."

"அது எனக்குத் தெரியாது சார். பத்து நாள்ல சரி பண்ணுங்க. இல்லன்னா நாங்க விலகிக்கிறோம்."

நான் ஜிலேபிப் பெட்டியை மூடிவைத்தேன். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன், தப்பு இல்லை. பந்தின் எண்களிலேயே அந்த இழுவை இருந்தது. சரி, மானம் போனால் போகிறது என்று அதை நேராக்கினேன். ராஜேஸ்வரி ஆடிப் பார்த்தார். அடித்ததெல்லாம் மேல்பக்கமாக வெளியே போனது.

"என்னண்ணே பண்ணுனீக? என் கை தன்னால மேல போகுது!"

ஷாஜி இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுக் கீழே வைத்தார். "பந்து செத்துப்போயி, சேட்டா."

இழுவை இருந்தால் சென்னை வராது. இல்லாவிட்டால் எங்களுக்கே பிடிக்கவில்லை. ஒன்பது நாள் பாக்கி. நான் அளந்ததிலேயே தப்பா என்று பார்க்க, பழைய வீடியோக்களை மூன்று பேரும் உட்கார்ந்து ஓட்டினோம். ஷாஜி உதைக்கிறார், பந்து பறக்கிறது, வளைகிறது. உதைக்கிறார், பறக்கிறது, வளைகிறது. இருபதாவது வீடியோவோ என்னவோ, ஷாஜி நிறுத்தச் சொல்லி விரலை வைத்தார். பந்தின் மேல் அல்ல, மைதானத்து மூலையில்.

அந்த மைதானத்தில் கார்னர் கொடி கிடையாது. ஒரு குச்சியில் காலி சிமெண்டுச் சாக்கைக் கட்டியிருப்பார்கள். அந்தச் சாக்கு பலகை மாதிரி விறைப்பாக, படுக்கைவாட்டில், கிழக்கே நீட்டிக்கொண்டு நின்றது. எல்லா வீடியோவிலும். எங்கள் கேமில் திரையின் கீழ்ப்பக்கம்தான் அந்தக் கிழக்கு.

ஆடிக் காற்று. மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்து ஓட்டைத் தூக்குகிற, வாழையைச் சாய்க்கிற காற்று. அதைத்தான் நான் ஒரு மாதம் டேப் பிடித்து அளந்து, 'பந்தின் குணம்' என்று பெயர் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். வேறு ஊர்க்காரன் யாராவது அந்த மைதானத்தில் வந்து நின்றிருந்தால், முதல் நிமிடமே தலையைப் பிடித்துக்கொண்டு "என்ன காற்று!" என்றிருப்பான். நாங்கள் ஆடியில் பைக்கைக் காற்றுப் பக்கமாகச் சாய்த்து ஓட்டிக்கொண்டே, நேராகத்தான் போகிறோம் என்று நினைக்கிறவர்கள். பேச்சியம்மாளும் அப்படித்தான், பந்து இழுத்தது, கொஞ்சம் மேலே தள்ளி அடித்தார், அவ்வளவுதான். இதையெல்லாம் போய் யாராவது புகார் சொல்வார்களா?

"அப்ப தூக்கிற வேண்டியதுதான்" என்றேன்.

"தூக்காதீக" என்றார் ராஜேஸ்வரி. "காத்து இருக்கட்டும். ஆனா சாக்கையும் வைங்க."

வைத்தோம். திரையின் மூலையில் ஒரு குச்சி, அதில் சிமெண்டுச் சாக்கு. ஷாஜி அந்தச் சாக்கை மட்டும் நான்கு நாள் வரைந்தார். காற்று ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். சாக்கு விறைத்தால் பலத்த காற்று, லேசாக ஆடினால் இளங்காற்று, தொங்கினால் ஒன்றுமில்லை. பந்தின் எண்களில் நான் புதிதாக எதையும் சேர்க்கவில்லை; உள்ளே கலந்து கிடந்த காற்றைத் தனியாகப் பிரித்து வெளியே நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் அனுப்பினோம்.

அடுத்த வாரம் பிரசாத் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சார், திரும்பி வர்றாங்க. சாக்கைப் பாத்துப் பாத்து அடிக்கிறாங்க. காத்துக்கு எதிரா கோல் போட்டா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புறாங்க. சூப்பர் ஐடியா சார்! இதுக்கு எவ்வளவு நாள் ரிசர்ச் பண்ணீங்க?"

"ஒரு ஆடி மாசம் பூரா" என்றேன். பொய் சொல்லவில்லை.

ஷாஜி வெளியே போய் வீட்டுக்குப் போன் செய்தார். மலையாளத்தில் பேசினார், 'ஸ்கூல் மாற்றண்டா', அதாவது பள்ளியை மாற்ற வேண்டாம் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

5. கற்றது

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நிஜமா, ஜனங்களுக்குப் பிடித்ததா என்று தராசு பிடிக்காதீர்கள். நான் இரண்டு வருடம் பிடித்தேன், கை வலித்ததுதான் மிச்சம். அதே காற்று, அதே பந்து. கண்ணுக்குத் தெரியாதபோது பக் என்றார்கள். சாக்கைக் கட்டியதும் விளையாட்டு என்றார்கள். நிஜத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் ஆடுகிறவர் அதைப் பார்க்க வேண்டும், பார்த்துத் தன் கையால் ஏதாவது செய்ய முடிய வேண்டும். முடியாத நிஜம் எல்லோருக்கும் வீட்டிலேயே நிறைய இருக்கிறது.

மாசி மாதம் கேம் வெளியானது. அன்று சாயங்காலம் ராஜேஸ்வரி எங்களை அதே மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஷாஜி பந்தை என் முன்னால் வைத்து, "சேட்டா, ஒரே ஒரு கிக்" என்றார். கோல் பத்தடி தூரத்தில், ஆளில்லாமல் திறந்து கிடந்தது. நான் பின்னால் நகர்ந்து, கோணம் பார்த்து, ஓடிவந்து, வாழ்க்கையில் முதன்முதலாகக் கால்பந்தை உதைத்தேன். அது வலப்பக்கமாகக் கிளம்பி, வேலியைத் தாண்டி, பக்கத்து வாழைத்தோப்புக்குள் போய் விழுந்தது.

"காத்து இழுத்துருச்சு" என்றேன்.

ராஜேஸ்வரி மைதானத்து மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"சாக்கு தொங்குதுண்ணே."