கதவின் வாயை அடைத்தவர்

தெருவில் அவருக்குக் ‘கிர்ரு அண்ணன்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கூப்பிட ஆளில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைக்கும் வேலை. வாரம் முழுக்க மயிரிழை பிசகாமல் தேய்த்துப் பழகிய கை, விடுமுறை நாளில் மட்டும் சும்மா இருக்குமா? கொஞ்ச காலம் திருப்புளியும் சுத்தியலுமாகத் தட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் மல்டி டூல் என்கிற மெஷினை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிறந்தது வினை.

கைக்கு அடக்கமான மெஷின். முனையில் பட்டையாக ஒரு பிளேடு. மற்ற ரம்பங்களைப் போல அது சுற்றாது. இடமும் வலமுமாகக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடிக்கும், அவ்வளவுதான். அந்தத் துடிப்பிலேயே மரத்தை அறுக்கும். பிளேடை மாற்றினால் ஆணியை அறுக்கும், டைல்ஸ் இடுக்கில் கறுத்துப்போன பூச்சைச் சுரண்டும், உப்புத்தாளை ஒட்டினால் மூலை முடுக்கெல்லாம் வழவழப்பாக்கும். வேறெந்தக் கருவியும் போகாத இடத்தில் மூக்கை நுழைக்கும். “இந்தக் குணம் மெஷின்கிட்டேருந்து உங்களுக்கு வந்ததா, உங்ககிட்டேருந்து மெஷினுக்குப் போனதா?” என்று அவர் மனைவி கேட்பாள்.

கேட்டாலும் சிரித்துக்கொள்வார். எதிர்வீட்டுச் சமையலறை அலமாரியில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டை அறுத்துக் கொடுத்தார். மாடிவீட்டு அக்காவுக்குப் பலகைச் சுவரில் சுவிட்ச் பெட்டி வைக்கக் கச்சிதமாக ஒரு சதுரம் வெட்டினார். எங்கே எது பிசிறு தட்டினாலும் கிர்ரென்று சத்தம் கேட்கும். பின்னாலேயே அவர் மரத்தூள் படிந்த தலையோடு வெளியே வருவார். காசு வாங்கமாட்டார். ஆனால் “அடடா, கைன்னா இதுதான் கை” என்று யாராவது சொல்லிவிட வேண்டும். சொல்லாத வீட்டுப் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

இவ்வளவு ஊர்வேலை பார்த்த மனுஷனின் வீட்டு வாசல் கதவு மட்டும் தரையில் உரசிக் கத்திக்கொண்டிருந்தது. பழைய மரக்கதவு. பூட்டுப் பக்கத்து மூலை தொங்கிப்போய், திறக்கும்போதெல்லாம் க்ர்ர்ரீச் என்று வீடே கூசும்படி ஒரு சத்தம் போடும். அவருக்கு மானம் போகிற விஷயம் அது. எத்தனையோ முறை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் மனைவி தட்டிக் கழித்தாள்.

“அது பாட்டுக்குக் கத்தட்டும் விடுங்க. அது கத்தினாத்தான் எனக்கு வேலை ஓடும்.”

ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் விளையாடவில்லை. உள் அறையில் அவருடைய அப்பா இருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இப்போது நினைவு ஒரு நேரம் போல் ஒரு நேரம் இருப்பதில்லை. மகன் கடையில் இருக்கும் பகல் பொழுதுகளில் திடீரென்று எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். வாசல் கதவை இழுப்பார். அது கத்தும். சமையலறையிலிருந்தோ துவைக்கும் கல்லிலிருந்தோ மருமகள் ஈரக்கையோடு ஓடிவருவாள். “மாமா, இன்னைக்கு வண்டி லேட்டாம். டீ குடிச்சிட்டுப் போங்க” என்பாள். டீ முடிவதற்குள் அவர் டியூட்டியை மறந்திருப்பார். சில நாள் நினைவு தெளிந்து தலைகுனிவார். “பையன்கிட்ட சொல்லிடாதம்மா” என்பார். அவளும் சொல்லவில்லை.

சாயங்காலங்களில் அந்தக் கதவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடையிலிருந்து வந்து மகன் கதவைத் தள்ளுவார். சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். “வந்துட்டியா?” இவர் “ம்” என்பார். அதற்கு மேல் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு கிடையாது. அந்த ஒரு வார்த்தையை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை.

மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வாய்ப்பு கிடைத்தது. கதவைக் கழற்றக்கூட இல்லை. தரையில் மெல்லிய அட்டையை விரித்து, அதன்மேல் பிளேடைப் படுக்கவைத்து, உரசுகிற மூலையின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சீவி எடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மெழுகு தடவினார். கீலுக்கு எண்ணெய் விட்டார். தொட்டுப் பார்த்தால் கதவு வெண்ணெய் மாதிரி நழுவியது. திறந்து மூடி, மூடித் திறந்து, தன் கைவேலையில் தானே மயங்கி நின்றார்.

மனைவி திரும்பி வந்தாள். கதவைத் தள்ளினாள். சத்தமில்லை. பாராட்டு வாங்கக் காத்திருந்தவர், அவள் முகம் வெளுத்ததைத்தான் பார்த்தார்.

“எதுக்குங்க இதைத் தொட்டீங்க?”

“ஏன், கெட்டுப் போச்சா?”

“அதில்லைங்க. மாமா வந்து...”

“அப்பாவை எதுக்கு இப்ப இழுக்கறே?” என்று பாய்ந்தார். “நல்லது பண்ணினாக்கூடக் குத்தம். ஊரே மெச்சுது, உனக்கு மட்டும் வாய் வராதே!”

அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவர் அறுத்தது கதவை மட்டுமில்லை.

மறுநாள் பார்த்தால் கதவுக் கைப்பிடியில் பழைய சாவிக்கொத்து ஒன்று கட்டித் தொங்கியது. திறந்தால் சலங்கைபோலக் குலுங்கியது. வீம்புக்குச் செய்கிறாள் என்று முடிவுகட்டினார். புதுசாய்ச் சீர்பண்ணிய கதவில் கீறல் விழுமே என்கிற எரிச்சல் வேறு. வெடுக்கென்று அவிழ்த்து அலமாரியில் எறிந்துவிட்டுக் கடைக்குப் போனார். ஒரு வார்த்தை, ‘இது எதுக்கு?’ என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று அவள் மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கிவரும்போது உள் அறை காலியாக இருந்தது. வாசல் கதவு சத்தமில்லாமல் திறந்து கிடந்தது.

தேடாத இடமில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவரும் ஓடினார். கடைசியில் பஸ் டிப்போவுக்குப் போகிற சாலையில், குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட பள்ளத்துக்குள் அப்பா கிடந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. உயிர் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபோதுதான் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். கதவு கத்தியது, தான் ஓடியது, டீ, மாமாவின் கெஞ்சல், சாவிக்கொத்து.

“அன்னைக்கே சொல்ல வந்தேங்க. நீங்க விடலை.”

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. சண்டைக்குச் சொல்லியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார். மரத்தூள் ஏறிய நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாழாய்ப்போன பாராட்டுக்கு அலைந்து பெற்ற தகப்பனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

அப்பா வீட்டுக்கு வந்தார். எழுந்து நடக்கிறவராக வரவில்லை. இனி டியூட்டிக்கு யாரும் கிளம்பப் போவதில்லை என்று தெரிந்தும், கிர்ரு அண்ணன் கதவைப் பழையபடி கத்தவைக்கப் பார்த்தார். சீவிய இடத்தில் மரத்துண்டை ஒட்டினார். அது பூனைபோல முனகியது. கீல் திருகைத் தளர்த்தினார். கதவு ஆடியதே தவிரக் கத்தவில்லை. வெட்டியதைத் திரும்ப வளர்க்கிற பிளேடு அந்தப் பெட்டியில் இல்லை. மெஷினைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். யாராவது வேலைக்குக் கூப்பிட்டால், “ரிப்பேர்” என்றார்.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து, கால் கழுவி, அப்பாவின் கட்டிலருகே வந்து நின்றார். அப்பா அவரைப் பார்த்தார். ஆள் தெரியாத பார்வை. பிறகு வாசல் பக்கம் கழுத்தைத் திருப்பி மருமகளிடம் கேட்டார்.

“பையன் இன்னும் வரலையாம்மா?”

“இதோ நிக்கறாரே மாமா.”

“இது யாரோ. அவன் வந்தா கதவு சத்தம் கேக்குமே. ரொம்ப நாளா கேக்கலையே. என்மேல கோவமா அவனுக்கு?”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வெளியே போனார். கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். கதவை மெல்லத் தள்ளிக்கொண்டே, அடித்தொண்டையிலிருந்து, வாயாலேயே ஒரு சத்தம் போட்டார்.

“க்ர்ர்ர்ரீச்!”

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது.

“வந்துட்டியா?”

“வந்துட்டேம்பா” என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். “வந்துட்டேம்பா.”

இப்போதும் தினமும் சாயங்காலம் அந்த வாசலில் அந்தச் சத்தம் கேட்கிறது. கிர்ரு அண்ணனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று தெருவில் சொல்கிறார்கள். அவர் யாரிடமும் மறுத்துப் பேசுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தொண்டையைச் செருமி, கதவில் கைவைக்கிறார்.