இருபத்தொரு பேருந்துகளும் ஒரு பேட்டரியும்

2012 அக்டோபர் 23, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். குடை விரிக்கத் தேவையில்லாத, ஆனால் மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைக்க வைத்த தூறல். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் நானும் என் மனைவியும் நின்றிருந்தோம். ஆயுத பூஜையன்று வேலை செய்பவர்களின் வீட்டார் உள்ளே போய்ப் பார்க்கலாம். எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த சங்கரன்கோவில் பெண் அங்கே பாகங்கள் பூட்டும் லைனில் வேலை பார்த்தாள். "எனக்கு இங்க வேற யாரு இருக்கா, நீங்கதான் வரணும் ஆச்சி" என்று என் மனைவியைக் கூப்பிட்டிருந்தாள்.

என் மனைவிக்கு நடுக்குவாதம். இரண்டு வருடம் முன்பு சென்னையில் அவள் மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்கி, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரிப் பெட்டியைக் கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பதித்தார்கள். நடுக்கம் நின்றது. பழையபடி தானே தோசை வார்த்தாள். கூடவே என்னோடு சண்டை போடுவதும் நின்றுபோயிற்று.

நான் எதையும் எண்ணுகிறவன். அவள் என் எண்ணிக்கையில் தப்புக் கண்டுபிடிக்கிறவள். பால் கணக்கிலிருந்து கல்யாணப் பந்தியில் விழுந்த இலைவரை எங்களுக்குள் வழக்கு நடக்கும். பேட்டரி வந்தபின் எந்த எண்ணைச் சொன்னாலும் "சரிங்க" என்று சிரித்தாள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சரிங்க. வீட்டில் ஆள் இருந்தது, துணை இல்லை.

தொழிற்சாலை வாசலில், உலோகம் இருந்தால் கூவும் சட்டம் ஒன்று கதவில்லாத நிலைபோல நின்றது. அப்படிப்பட்ட வாசலுக்குள் போகக் கூடாது, அதன் காந்தம் பெட்டியை நிறுத்திவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். அந்த அட்டையைக் காவலாளியிடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று அந்தச் சட்டத்துக்கும் பூஜை போட்டிருந்தார்கள். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பொட்டு வைத்த இயந்திரத்தைக் கும்பிடாமல் தாண்டுகிறவள் இல்லை அவள். நேரே போய், சட்டத்துக்கு நடுவில் நின்று, கண்ணை மூடி, கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது கூவியது.

"சாமியே ஒத்துக்கிச்சு பாட்டி, உள்ள வாங்க" என்றான் காவலாளி.

கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பாள். வலது கை ஆடத் தொடங்கியது. பிறகு கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. பெட்டியை மறுபடி ஓட விடும் ரிமோட் வீட்டில் இருந்தது. மாடிப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு ஆட்டோ பார்க்க ஓடினாள். எதிரே வரிசையாக நின்ற கம்பெனி பஸ்களை எண்ண ஆரம்பித்தேன். இருபத்திரண்டு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"இருபத்தொண்ணு" என்றாள். குரல் குழறியது. "கடைசில நிக்கறது ஆம்புலன்சு. அதையும் சேத்து எண்ணிக்கினு இருக்கீங்க."

திரும்பிப் பார்த்தேன். முகம் இறுகியிருந்தது. கண் மட்டும் என்னை ஏளனமாகப் பார்த்தது. இரண்டு வருடமாக நான் காணாத பார்வை.

"அது ஓடும்போது எனக்குக் கோவமே வரல" என்றாள். "வரலயேன்னு வருத்தங்கூட வரல. பேட்டரி தீந்தா மாத்தாதீங்க."

வீட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்தேன். விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. ரிமோட்டை அழுத்தினேன். கை அடங்கியது. சாயங்காலம் அவள் சொன்னதை அவளுக்கே நினைவுபடுத்தினேன். சிரித்தாள். "நடுக்கத்துல இன்னாத்தையோ உளறியிருப்பேன். மாத்திடுங்க. நல்லாத்தானே இருக்கேன்."

பேட்டரி இன்னும் இரண்டு வருடம் வரும். அதற்குள் நான் எந்த வாய்ச்சொல்லைக் கேட்பது என்று முடிவு செய்தாக வேண்டும். டாக்டரிடம் கேட்டேன். பெட்டி ஓடும்போது அவள் சொல்வதைத்தான் எழுதிக்கொள்வோம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அதுதானே நல்ல நிலை என்றார். பிறகு, நகரத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்தும் அம்மையார் இதே கேள்வியைப் பல குடும்பங்களிடம் கேட்டு ஆராய விரும்புகிறார், பணம்தான் கிடைக்கவில்லை என்று சொன்னார்.

தாம்பரம் வழியாகப் போய் அவரைப் பார்த்தேன். கருவி செய்யப் பணம் தருகிறவர்கள் உண்டு, கருவி வைத்துக்கொண்டவரிடம் கேட்டுப் பார்க்கப் பணம் தருகிறவர் இல்லை என்றார். ஆராய்ச்சி முடிவில் என்ன பொருள் வெளிவரும் என்றுதான் போன இடத்திலெல்லாம் கேட்டார்களாம். ஒன்றும் வெளிவராது, முதலில் யாரைக் கேட்க வேண்டும் என்பதாவது தெரியவரும் என்று சொன்னாராம். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் என்னிடம் இருந்தது வல்லம் வடகாலில் எங்கள் நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு தந்த பணத்தின் மிச்சம். அது புதுப் பேட்டரிக்கென்று வங்கியில் கிடந்தது. எழுந்து வந்தேன்.

2014 ஆகஸ்டில் அவளுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. போய்விட்டாள். பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருந்தது. தகனத்துக்கு முன் பெட்டியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும் என்று எடுத்துவிட்டார்கள். நான் எந்த முடிவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது நிம்மதி என்று வெளியூரில் இருக்கும் எங்கள் பிள்ளை போனில் சொன்னான். எனக்கு அப்படி இல்லை. அவளுடைய இரண்டு பேச்சும் வீட்டில் அப்படியே நிற்கின்றன. எதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

மறுபடி தாம்பரம் வழியாகப் போய், ஆராய்ச்சிக்கு நான் பணம் தருகிறேன் என்று அந்த அம்மையாரிடம் சொன்னேன். உதவியாளருக்கு மாதம் பதினைந்தாயிரம் வீதம் இரண்டு வருடம், பயணத்துக்கும் பேட்டிகளைத் தட்டச்சு செய்யவும் அறுபதாயிரம். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஒவ்வொருவரிடமும் பெட்டி ஓடும்போது ஒரு தடவை, சம்மதித்தால் மருத்துவர் முன்னிலையில் நிறுத்திவைத்து ஒரு தடவை, இரண்டையும் கேட்டு எழுத வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார். "உங்க வீட்டம்மா விஷயத்துக்கு இதுல விடை கிடைக்காது சார்" என்றார். தெரியும் என்றேன்.

அன்று வீட்டில் உட்கார்ந்து செலவைக் கூட்டினேன். ஆராய்ச்சிக்கு நான்கு லட்சத்து இருபதாயிரம். வைப்புத்தொகையைப் பாதியில் முறித்ததில் வங்கி பிடித்தது ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. வரைவோலைக் கமிஷன் வரியோடு ஆயிரத்து நானூற்றுப் பதினாறு. இரண்டு தடவை பஸ்ஸும் டீயும் தொண்ணூற்று நான்கு. மொத்தத்தை வாய்விட்டுச் சொன்னேன். சமையலறைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தப்பு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான்கு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.