நகல்: நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு

போய்ச் சேராத கடிதத்துக்குப் பதில் சொல்வதுதான் ஈமெயில் பார்க்கிறவனின் தொழில். போய்ச் சேர்ந்ததைப் பற்றி அவனிடம் ஒருவரும் பேசமாட்டார்கள். கடைக்கோ, சங்கத்துக்கோ, கோயில் கமிட்டிக்கோ இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் "அனுப்பியாச்சு" என்றும் அந்தப் பக்கம் "வரல்லை" என்றும் அடி வாங்குகிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் பழைய அநியாயங்களை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் எழுதிப் பழகிய கைக்கு வேறு மாதிரித் தொடங்க வராது. ஒன்று: எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, முகவரி கிடையாது. எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வரும், மேசைக்கு அடியில் கிடக்கும், அவர்களுக்கு மனம் வந்தால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இரண்டு: ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி என் அக்காவுக்கு வந்த கடிதம், தேர்வு முடிந்த எட்டாம் நாள் கைக்குக் கிடைத்தது. அக்கா கொழுந்துக் கூடையோடுதான் ஓய்வு பெற்றாள். மூன்று: இது என்ன நியாயம் என்று பெரட்டில் நின்று கேட்டேன். நான்கு: விசாரணை ஒன்றும் இல்லாமல் மறுநாளே வேலையிலிருந்து என் பேரை வெட்டினார்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்தது எல்லாம் துண்டுப் பிரசுரம். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் தொழிற்சங்க மேடைகளில் நின்றேன். எனக்கு வயது போனதும் தொழிற்சங்கம் என்னை மறந்தது. மறக்காதவர்கள் எங்கள் தோட்டத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேர். வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த கொழுந்தைக் கையால் உருட்டி, பெட்டியில் அடைத்து விற்க ஒரு சங்கம் தொடங்கி, என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கூப்பிடுவது மட்டும் பழைய பழக்கத்தில் "தலைவரே" என்றுதான். கணினியில் தட்டுவதற்குச் சம்பளத்துக்குக் கலைச்செல்வி வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுடைய அப்பா சின்னையா, அந்தக் காலத்தில் ஆபீசுக்குத் தபால் பை சுமந்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருந்தேன், வைத்திருக்கக் கூடாத மாதிரி.

இறுதி அறிவிப்பு

முதல் விலைப்பட்டியல் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனது. தலைப்பை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவசரம், இறுதி அறிவிப்பு, உடன் பதில் தேவை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று ஆச்சரியக் குறி, எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். உள்ளே சிவப்பு. கலைச்செல்வி இது வேண்டாமே என்றாள். மக்கள் கவனத்தை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும் என்றேன்.

இரண்டு வாரம் பதில் இல்லை. தொழிலாளி உருட்டிய தேயிலை முதலாளிக்குக் கசக்கிறது என்று முடிவு கட்டி, சண்டைக்கு பஸ் ஏறினேன். அங்கே சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்தவர் ஒரு சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசினார். டீ கொடுத்து உட்காரவைத்துக் கணினியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பட்டியல் குப்பைப் பெட்டியில், லொத்தர் சீட்டுப் பரிசுக்கும் முடி வளரும் எண்ணெய்க்கும் நடுவில் கிடந்தது. இருபது பெட்டி வாங்கினார். வாசல் வரை வந்து சொன்னார்: "ஐயா, தலைப்பப் பார்த்தா தேயிலை விக்க வந்த மாதிரி இல்ல, கரண்ட் வெட்ட வந்த செவப்பு நோட்டீஸ் மாதிரி இருக்கு."

கேட்டில் இல்லாத லொறி

சிவப்பை விட்டோம், ஆச்சரியக் குறியை விட்டோம். அப்படியும் ஒரு மாதம் எல்லாம் குப்பைக்கே போனது. ஹட்டன் டவுனில் கணினி திருத்தும் நவாஸ் நானாவிடம் போனோம். போகிற வழியெல்லாம் இது அரசியல் தடை என்று கலைச்செல்விக்கு விளக்கினேன். அவள் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நானா பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். சங்கத்தின் பெயரில் கடிதம் அனுப்ப எந்த இயந்திரத்துக்கு அனுமதி என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம். நாங்கள் மலிவு என்று வேறு ஈமெயில் கம்பனிக்கு மாறினோம், பட்டியலை மாற்றவில்லை. எங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு வேறு எவனோ அனுப்புகிறான் என்று உலகம் நினைத்திருக்கிறது. இரண்டு வரி மாற்றினார், மறுநாளே கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. அரசியல் தடையைப் பற்றி நான் கேட்டதற்கு அவர் சொன்னது: "தடையும் இல்ல ஒன்னும் இல்ல தலைவரே. பெக்டரி கேட்ல குடுத்த லிஸ்ட்டுல உங்க லொறி நம்பர் இல்ல, அவ்வளவுதான்."

நாற்பது நிமிடம்

அதன் பிறகு கொழும்பிலிருந்து ஒரு தேநீர்க் கடைக்காரம்மா எழுதினார். மாதாமாதம் எடுக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதுங்கள் என்றார். இருபத்திரண்டு பேரும் அதற்காக ஒரு வருடம் காத்திருந்தவர்கள். கலைச்செல்வி புதன்கிழமையே பதில் அனுப்பினாள். பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் எடுத்தார்: பதிலே வரவில்லை, வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டோம்.

அனுப்பியவற்றின் பட்டியலைத் திறந்து கலைச்செல்வி காட்டினாள். கடிதம் இருந்தது, தேதி இருந்தது. எனக்குப் போதவில்லை. அனுப்பியதாகப் பதிவேடு தோட்டத்து ஆபீசிலும்தான் இருந்தது என்றேன். கமிட்டி கூடிய பிள்ளைக்காம்பராவில், குழந்தைகளின் தொட்டில்களுக்கு நடுவே நின்று, நாற்பது நிமிடம் பேசினேன். என் அக்காவின் கடிதத்தையும் இழுத்தேன், தபால் பையையும் இழுத்தேன். எழுதி வைத்திருந்த தீர்மானத்தைச் சத்தமாக வாசித்தேன்: கடிதத்தை அனுப்பத் தவறியவர், சின்னையாவின் மகள் கலைச்செல்வி, வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார். எனக்குப் பயந்தோ மரியாதைக்கோ, எல்லாரும் கை தூக்கினார்கள். அவள் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "விசாரணை எப்பங்க தலைவரே?"

திரும்பி வந்தவை

அவள் போன பிறகும் கடிதங்கள் போகவில்லை. இப்போது தட்டுவது நான். திட்டுவதற்கு ஆளும் இல்லை. மறுபடி நவாஸ் நானா.

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் மனு எழுதினால் கீழே "நகல்" என்று ஒரு பட்டியல் இருக்கும். லயத்துக் கூரை ஒழுகினாலும் ஜனாதிபதிக்கு ஒரு நகல், அமைச்சருக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று, பத்திரிகைகளுக்குத் தனித்தனியாக. நகல் எத்தனையோ அத்தனை பலம் என்று வளர்ந்தவன் நான். ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும் தனி முகவரி வேண்டும், கடிதம் கையில் சேர வேண்டும் என்று ஒரு மனு எழுதி, சங்கத்து ஈமெயிலிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பியிருந்தேன், மூன்று முறை. முகவரிகள் என் பழைய டயரியிலிருந்து எடுத்தவை. பாதிப் பேர் பதவியில் இல்லை, சிலர் உயிரோடும் இல்லை. "இந்த ஆள் இங்கே இல்லை" என்று நூற்றுக்கணக்கில் ஆங்கிலத்தில் திரும்பி வந்தன. அதிகார வர்க்கத்தின் திமிர் என்று நினைத்து, அந்த மாதிரி வருவதையெல்லாம் கண்ணில் படாமல் ஒரு மூலையில் போடும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்திருந்தேன்.

நானா அந்த மூலையைத் திறந்தார். எனக்குத் திரும்பி வந்த நூற்றுக்கணக்கானவற்றுக்கு நடுவில் கலைச்செல்வியின் கடிதமும் திரும்பி வந்து கிடந்தது. கொழும்புக்கு அனுப்பியது. அனுப்பிய அதே புதன்கிழமை, நான்கு நிமிடம் கழித்து. இந்த முகவரியிலிருந்து தொல்லைக் கடிதங்கள் வருகின்றன, ஏற்க முடியாது என்று அதில் எழுதியிருந்தது. வியாழக்கிழமை பார்த்திருந்தால் ஒரு போனில் காரியம் முடிந்திருக்கும். மேசைக்கு அடியில் கடிதத்தைப் போட்டு வைத்தவர்களை நாற்பது வருடம் திட்டியிருக்கிறேன். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒரே நாள்ல நானூறு வீட்டுக் கதவத் தட்டினா, தபால்காரனையும் கள்ளன்னுதான் நெனப்பாங்க தலைவரே. அந்தப் புள்ள மேல பிழை இல்ல."

ஒன்பது நாள்

தெரிந்த பிறகு ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் எழுதக் கை கூசுகிறது. சங்கத்துக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்: தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில கடிதங்கள் சேரவில்லை. யார் செய்தது என்று சொல்லாத வாக்கியத்தை என் வாழ்க்கையில் நான் எழுதியதில்லை. துரைமார் எழுதுவார்கள், நான் கிழிப்பேன். என்னுடையதை ஒருவரும் கிழிக்கவில்லை என்பது இன்னும் மோசமாக இருந்தது.

பத்தாம் நாள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கலைச்செல்வியைப் பார்த்தேன். இடுப்பில் படங்குச் சாக்கு, காலில் அட்டைக்கடி, நாள் கூலிக்குக் கொழுந்து பறிக்க வந்திருந்தாள். அவளுடைய அப்பா அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கோயிலுக்குக்கூட வெளியே வருவதில்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் என் காதில் விழும்படி பேசினார்கள். உண்மையைச் சொன்னேன், மெதுவாக. வேலையைத் திரும்பக் கொடுக்கிறோம் என்றும் சொன்னேன். கூடையை இறக்கி வைத்தாள். "வேலை கெடக்கட்டும். எந்த எடத்துல நின்னு எங்கப்பா பேரயும் எம் பேரயும் வாசிச்சீங்களோ, அதே எடத்துல சரியான பேர வாசிங்க."

தொட்டில்களுக்கு நடுவே

இன்றைக்குக் கடவுச்சொல் கலைச்செல்வியிடம் இருக்கிறது. தடைப் பட்டியலிலிருந்து எங்கள் பேரை எடுக்க நவாஸ் நானாவுக்கு ஐந்து வாரம் ஆனது. கொழும்புக்காரம்மா அடுத்த வருடம் பார்ப்போம் என்றிருக்கிறார். நான் மனு எழுதினால் ஒரு நகலுக்கு மேல் அவள் அனுப்பமாட்டாள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கடக்க வேண்டியிருந்தது.

அதே பிள்ளைக்காம்பரா, அதே இருபத்திரண்டு பேர். கதவோரம் சின்னையா, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. நான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வெள்ளைக்காரன் காலத்துத் தபால் முறையில் தொடங்கி, அக்காவின் கடிதம் வழியாக, கணினிக் கம்பனிகளின் ஏகபோகம் வரை வந்திருந்தது. என் பேர் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில். சங்கத் தலைவி புஷ்பம் முதல் பக்கத்தின் பாதியிலேயே எழுந்து வந்து, தாள்களை என் கையிலிருந்து வாங்கி, கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பித் தந்தார். "மத்ததெல்லாம் எங்களுக்கு மனப்பாடம் அண்ணே. பேர வாசிங்க, சின்னையா அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

கடிதத்தைத் தடுத்தவன் எவன் என்று நாற்பது வருடம் மேடை மேடையாகக் கேட்டவனுக்கு, இருபத்திரண்டு பேரும் ஒரு பழைய தபால் பைக்காரரும் சாட்சியாக, அவன் வாயாலேயே உரக்கக் கிடைத்த பதில்: பழனியாண்டி மகன் வீராசாமி.